சுவிஸில் டொச் வகுப்பு: சேருமுன் எதைப் பார்ப்பது, சேர்ந்தபின் எதைக் கேட்பது

போன மாரிகாலத்தில் ஒரு தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் அடைத்துப்போயிருந்தது. "அண்ணை, காய்ச்சல் விடுகுதில்லை. டொக்டரிட்ட ஒரு நேரம் எடுத்துத் தாறீங்களோ? போனில கதைக்க எனக்கு வராது." அவர் டொச், அதாவது ஜேர்மன் மொழி, ஏ2 வகுப்பை முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதம், கிழமைக்கு நான்கு காலை, ஒரு நாள்கூடத் தவறாமல் போனவர். பயிற்சித்தாள்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். ஆனால் "எனக்குக் காய்ச்சல், நாளைக்கு வரலாமா?" என்ற இரண்டு வசனத்தைத் தொலைபேசியில் சொல்ல அந்த எட்டு மாதத்தில் யாரும் அவரைப் பழக்கவில்லை.

அவரில் பிழை இல்லை. எனக்கும் இதுவேதான் நடந்தது. நான் முதலில் போன வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம், மணி அடித்ததும் வீட்டுக்குப் போவோம். ஊரில் படித்ததும் அப்படித்தான் என்பதால் அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரும் தமிழர். விளங்காததை அவர் காதுக்குள் சொல்லிவிடுவார். ஒரு வருடம் போன பிறகுதான் என் வாய் திறக்கவே இல்லை என்று உணர்ந்தேன்.

இந்தக் கட்டுரை தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கும், எஃப் விசாவிலோ (தற்காலிக அனுமதி) அகதி அந்தஸ்தோடு பி விசாவிலோ இருப்பவர்களுக்கும். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: "சும்மா தாறாங்கள், எப்படிக் குறை சொல்லுறது?" அந்த எண்ணத்தை முதலில் கழற்றி வையுங்கள். வகுப்புக்குக் காசு அரசு கட்டலாம், காலத்தைக் கட்டுவது நீங்கள். வந்த முதல் இரண்டு வருடம் திரும்பக் கிடைக்காது. ஆகவே கடையில் மரக்கறியைப் புரட்டிப் பார்த்து வாங்குவதுபோல வகுப்பையும் பார்த்து எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் ஜேர்மன் மொழி பேசும் மாநிலங்களை வைத்தே எழுதுகிறேன். லவுசான், ஜெனீவா பக்கம் இருப்பவர்கள் டொச் என்று வரும் இடத்தில் பிரெஞ்சு என்று வாசியுங்கள். பேச்சு டொச் பற்றிய பகுதி மட்டும் உங்களுக்குத் தேவைப்படாது.

முதல் படி: எந்த அளவு, எதற்காக?

ஏ1, ஏ2, பி1, பி2 என்பவை ஐரோப்பா முழுவதும் பாவிக்கும் அளவுகோல். ஏ1 என்றால் பெயர், முகவரி, கடை, எளிய கேள்விகள். ஏ2 என்றால் அன்றாட வேலைகளை ஓரளவு தனியாகச் சமாளிப்பது. பி1 என்றால் ஒரு விடயத்தை விளக்கிச் சொல்லவும் காரணம் சொல்லவும் முடிவது.

சுவிஸில் பலர் கவனிக்காத ஒன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் தனித்தனியாக அளவு கேட்கிறார்கள் என்பது. வழக்கமான முறையில் சி விசா (நிரந்தர வதிவிடம்) எடுக்கப் பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1 வேண்டும். ஐந்து வருடத்தில் முன்கூட்டியே எடுப்பதென்றால் பேச்சில் பி1, எழுத்தில் ஏ1. குடியுரிமைக்கு 2018 முதல் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2. இது நாடு முழுவதுக்குமான குறைந்தபட்சம். துர்காவ் போன்ற சில மாநிலங்கள் இதைவிடக் கூடக் கேட்கின்றன. எங்கே பார்த்தாலும் எழுத்தைவிடப் பேச்சுத்தான் ஒரு படியாவது மேலே நிற்கிறது. நாங்களோ எழுத்துப் பரீட்சைக்குப் பழகிய சனம். கொப்பி நிறைந்தால் படித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். வகுப்பைப் பார்க்கும்போது இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

தொழிற்பயிற்சி, அதாவது லேரே செய்ய நினைக்கும் இளையவர்களுக்குக் கதை வேறு. தொழிற்பாடசாலையில் வாசிப்பும் எழுத்தும் நிறைய வரும். அவர்களுக்கு வெறும் பேச்சு வகுப்புப் போதாது. அகதிகளுக்கும் எஃப் விசாக்காரர்களுக்கும் என்று 2018இல் தொடங்கிய ஒரு வருட முன்பயிற்சி இருக்கிறது. இன்டெக்ராட்சியோன்ஸ்-ஃபோர்லேரே என்பார்கள். அதில் மொழியும் தொழிலும் சேர்ந்தே போகும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் நாற்பத்தைந்து வயது அம்மாவுக்கும் ஒரே வகுப்புச் சரிவராது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

இரண்டாம் படி: யார் தீர்மானிக்கிறார்கள்?

எஃப் விசாக்காரர், அங்கீகரிக்கப்பட்ட அகதி ஒவ்வொருவருக்கும் மத்திய அரசு ஒரு தடவை சுமார் 18,000 பிராங்க் மாநிலத்துக்குக் கொடுக்கிறது. 2019 மே மாதம் வரை இது 6,000 ஆக இருந்தது. இந்தக் காசு உங்கள் கைக்கு வராது. மொழி, வேலைக்கான ஆயத்தம், ஆலோசனை என்று மாநிலம் செலவழிக்கும். உங்கள் கோப்பைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு பொறுப்பாளரும் இருப்பார். எந்த வகுப்பு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் அவர்தான்.

அவரிடம் போகும்போது "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு வேறு எந்த வகுப்புகள் இருக்கின்றன? ஏன் இதைத் தெரிவுசெய்தீர்கள்? இது முடிந்ததும் அடுத்தது எது? மூன்றாவதுதான் மிக முக்கியம். ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்க நான்கு மாதம் இடைவெளி விழுந்தால் படித்ததில் பாதி போய்விடும்.

'N' விசாவில் இருப்பவர்களுக்கு, அதாவது தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு, கிடைப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் ஒழுங்கான வகுப்பு இருக்கும். சில இடங்களில் தேவாலய மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஒரு அம்மா கிழமைக்கு இரண்டு தரம் சொல்லிக்கொடுப்பார். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். என் அனுபவத்தில், சான்றிதழ் தராத அந்த அம்மாமாரிடம்தான் பலர் முதலில் வாய் திறந்தார்கள்.

மூன்றாம் படி: அளவுத் தேர்வில் உண்மையைக் காட்டுங்கள்

சேருமுன் உங்களை எந்த வகுப்பில் போடுவது என்று பார்க்க ஒரு சிறு தேர்வு வைப்பார்கள். ஐன்ஷ்டூஃபுங் என்று பெயர். இதில் இரண்டு விதமாகப் பிழை நடக்கும்.

ஆங்கிலம் படித்தவர் எழுத்தில் ஊகித்து ஊகித்து நல்ல புள்ளி எடுத்துவிடுவார். உடனே மேல் வகுப்பில் போடுவார்கள். அங்கே மற்றவர்கள் கதைப்பது ஒன்றும் விளங்காது, மூன்றாம் கிழமையில் மனம் விட்டுவிடும். அப்படியானவர் தானாகவே சொல்ல வேண்டும்: "எனக்கு எழுத வரும், பேச வராது."

மற்றது, போரிலும் இடப்பெயர்விலும் பள்ளிக்கூடத்தைத் தொலைத்தவர்கள். வன்னியில் ஓடி ஓடி ஐந்தாம் ஆறாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை ஆங்கில எழுத்தே பழக்கமில்லாத நிலையில் சாதாரண ஏ1 வகுப்பில் இருத்தினால் அது சித்திரவதை. இவர்களுக்கென்றே எழுத்தறிவு வகுப்பு தனியாக இருக்கிறது, அல்ஃபபெட்டிசியருங் என்பார்கள். மெதுவாகப் போகும், ஆட்களும் குறைவு. இதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமே வேண்டாம். உங்கள் பள்ளிக்கூடத்தைப் பறித்தது போர், நீங்கள் சோம்பி இருந்ததால் போனதல்ல.

நான்காம் படி: ஒரு நாள் போய் இருந்து பாருங்கள்

டொச்சில் ஷ்னுப்பர்ன் என்றொரு சொல் இருக்கிறது. மணந்து பார்ப்பது என்று பொருள். வேலையோ வகுப்போ, சேருமுன் ஒரு நாள் போய்ப் பார்ப்பதை சுவிஸில் அப்படித்தான் சொல்வார்கள். "டார்ஃப் இஷ் ஐன்மால் ஷ்னுப்பர்ன்?" என்று கேளுங்கள். பல பாடசாலைகள் ஓம் என்றுதான் சொல்லும். விடாவிட்டால் முதல் இரண்டு கிழமையை உங்கள் ஷ்னுப்பர் காலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போய் இருந்ததும் மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு பாடத்தில் ஆசிரியர் எவ்வளவு நேரம் கதைக்கிறார், மாணவர்கள் எவ்வளவு நேரம் கதைக்கிறார்கள்? நாற்பத்தைந்து நிமிடத்தில் முப்பத்தைந்து நிமிடம் ஆசிரியரே கதைத்தால் அது அவருடைய டொச்சுக்கு நல்ல பயிற்சி, உங்களுடையதற்கு அல்ல. இரண்டு இரண்டு பேராகக் கதைக்க விடுகிறாரா, எழும்பி நடந்து மற்றவரிடம் கேள்வி கேட்க வைக்கிறாரா என்று கவனியுங்கள். முதல் நாள் இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டுப் போலத் தெரியும். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வாய் அப்படித்தான் திறக்கும்.

பாடம் எதைப் பற்றியது என்பது அடுத்தது. புலம்பெயர்ந்தோருக்கு மொழி கற்பிக்க ஃபீடே என்ற ஒரு முறையை சுவிஸ் அரசு உருவாக்கியிருக்கிறது. வீடு தேடுதல், வைத்தியர், வேலைத்தலம், பிள்ளையின் பாடசாலை, அலுவலகம் என்று வாழ்க்கையில் வரும் சந்தர்ப்பத்தை எடுத்து, அதற்குத் தேவையான சொல்லையும் இலக்கணத்தையும் அதற்குள்ளேயே சொல்லிக்கொடுப்பது அதன் வழி. வகுப்பில் அன்று நடந்ததை அடுத்த நாளே வெளியில் பாவிக்க முடிந்தால் அது நல்ல அடையாளம். பூனை மேசைக்கு மேலே, பூனை மேசைக்குக் கீழே என்று மூன்று கிழமை ஓடினால் யோசியுங்கள்.

உச்சரிப்பைத் திருத்துகிறார்களா என்பதையும் பாருங்கள். தமிழர்களுக்கு இது மிகவும் தேவை. தமிழில் ஒரே ப, ஒரே க, ஒரே ட. பலத்துச் சொல்வதும் மெலித்துச் சொல்வதும் எழுத்தில் வேறுபடாது. டொச்சில் அது மாறினால் சொல்லே மாறிவிடும். உதட்டைக் குவித்துச் சொல்லும் ö, ü என்ற இரண்டு உயிரொலிகளும் நமக்குப் புதிது. ஷ்ட்ர என்று மூன்று மெய் சேர்ந்து வந்தால் நடுவில் ஒரு உகரத்தை நாங்கள் நுழைத்துவிடுவோம். பாவம் என்று திருத்தாமல் விடும் ஆசிரியர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் வெளியில் பஸ் சாரதிக்கு உங்கள் பேச்சு விளங்காது.

நமக்குச் சாதகமானதும் இருக்கிறது, அதை எந்த ஆசிரியரும் சொல்லித்தரப் போவதில்லை. "வைல் இஷ் க்ராங்க் பின்" (எனக்கு வருத்தம் என்பதால்) என்று டொச்சில் காரணம் சொல்லும்போது வினை கடைசிக்குப் போகும். ஆங்கிலக்காரர் இதில் தடுமாறுவார்கள். நமக்கு வினை எப்போதும் கடைசியில்தானே. "மிர் இஸ்ட் கால்ட்" என்பது அச்சொட்டாக "எனக்குக் குளிருது". அந்த "எனக்கு" நம் நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தின் வழியே போய் "நான் குளிராக இருக்கிறேன்" என்று கட்டுபவர்கள்தான் பிழை விடுகிறார்கள். டொச்சைத் தமிழின் வழியே யோசியுங்கள், பல இடத்தில் கதவு தானாகத் திறக்கும்.

இனி, நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் ஒன்று. ஏ1 வகுப்பில் குடும்பம் என்றொரு பாடம் எல்லாப் புத்தகத்திலும் வரும். "உங்களுக்கு எத்தனை சகோதரர்கள்?" என்று கேட்பார்கள். 2009இல் அண்ணனைத் தொலைத்தவர் அந்தக் கேள்விக்கு என்ன எழுதுவார்? "இருக்கிறார்" என்றா, "இருந்தார்" என்றா? ஊரில் அம்மாவே பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தீர்மானிக்காத ஒன்றை வகுப்பில் ஐந்து நிமிடத்தில் நிரப்பச் சொன்னால் என்ன செய்வது? ஒரு பெண் அந்தத் தாளை அப்படியே வெறுமையாகக் கொடுத்துவிட்டு எழும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ஆசிரியர், விரும்பினால் கற்பனைக் குடும்பத்தைப் பற்றி எழுதுங்கள் என்பார். எப்படி வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டார். நித்திரை இல்லாமல் வருபவரையும், முடிவுக் கடிதத்துக்காகக் காத்திருந்து எதுவும் தலைக்குள் ஏறாதவரையும் சோம்பேறி என்று நினைக்க மாட்டார், கொஞ்சம் வெளியே போய்வர விடுவார். ஒரு வகுப்பில் இது இல்லையென்றால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் அங்கே உங்கள் மனம் படிக்காது.

பேச்சு டொச் என்ற பெரிய குழி

வகுப்பில் எழுத்து டொச் படிப்பீர்கள். வெளியே வந்தால் மேலாளரும் அயலவரும் சுவிஸ் டொச் கதைப்பார்கள். பலர் இங்கேதான் "நான் படித்தது வீண்" என்று உடைந்துபோகிறார்கள். வீண் இல்லை. இதை விளங்கிக்கொள்ளத் தமிழரைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடையாது. "சாப்பிட்டுவிட்டேன்" என்று எழுதிவிட்டு "சாப்பிட்டிட்டன்" என்று சொல்பவர்கள்தானே நாங்கள். தமிழை எழுத்தில் மட்டும் படித்த வெள்ளைக்காரர் ஒருவர் யாழ்ப்பாணச் சந்தையில் போய் நின்றால் என்ன நிலையோ, அதுதான் சூரிச்சில் நம் நிலை.

நீங்கள் பேசவும் எழுதவும் எழுத்து டொச் போதும், அதை எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள். சுவிஸ் டொச்சைக் காதால் பிடித்தால் போதும். ஆகவே வகுப்பில் கேளுங்கள்: சுவிஸ் டொச் கேட்டு விளங்கும் பயிற்சி இருக்கிறதா? மாதத்தில் ஒரு பாடம் இருந்தாலும் நல்லது. சூரிச்சில் "க்ரூயெட்சி", பேர்னில் "க்ரூயெசெக்", காலை ஒன்பது மணிச் சாப்பாட்டுக்கு "ட்ஸ்நூனி" என்பவற்றையாவது வகுப்பில் காதில் போட்டால் வேலைக்குப் போன முதல் நாள் திகைக்கத் தேவையில்லை. அதுவரை ஒரு வசனத்தைப் பாடமாக்கி வையுங்கள்: "கோனன் சீ பிட்டே ஹோஹ்டொய்ச் ஷ்ப்ரெஹன்?" தயவுசெய்து எழுத்து டொச்சில் கதைக்க முடியுமா என்று பொருள். கேட்டால் பெரும்பாலானோர் மாற்றிக் கதைப்பார்கள்.

ஐந்தாம் படி: நேரம், பிள்ளை, காசு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். றெஸ்ரோறன்ட் சமையலறையில் இரவு பதினொரு மணிவரை நிற்பவர் காலை எட்டு மணி வகுப்பில் தூங்குவார், மாலை வகுப்புக்கு வர முடியாது. அவருக்குப் பிற்பகல் வகுப்புத் தேடுங்கள். சிறுபிள்ளையுள்ள தாய்மார், வகுப்பு நேரத்தில் பிள்ளையைப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று முதல் கேள்வியாகவே கேளுங்கள். சில இடங்களில் அதே கட்டடத்திலேயே இருக்கும். "அவர் முதல் படிக்கட்டும், நான் பிறகு" என்று விட்ட அக்காமார் பலர் இருபது வருடம் கழித்தும் கணவரையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டுதான் வைத்தியரிடம் போகிறார்கள். ரயில் காசு, புத்தகக் காசு யார் தருவது என்பதையும் சேருமுன்னே கேட்டு வையுங்கள்.

ஆறாம் படி: காகிதங்கள்

எடூகுவா என்பது வளர்ந்தோர் கல்வி நிலையங்களுக்கான தரச்சான்று. ஃபீடே முறையில் நடக்கும் வகுப்புகளுக்குத் தனியாக ஃபீடே தரமுத்திரையும் உண்டு. இருந்தால் நல்லது. ஆனால் முத்திரை பாடசாலைக்குத்தான். உங்கள் முன்னால் நிற்கும் ஆசிரியரை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமான பொறி ஒன்று இருக்கிறது. வகுப்பு முடிய பாடசாலை தானே அடித்துத் தரும் தாள், வகுப்புக்கு வந்ததற்கான சாட்சி. விசாவுக்கோ குடியுரிமைக்கோ கேட்கும் மொழிச்சான்று வேறு. ஃபீடே தேர்வு எழுதி எடுக்கும் மொழிக்கடவுச்சீட்டு, கோத்தே, டெல்க் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வுகளின் சான்றிதழ் அதற்கு வேண்டும். ஃபீடே தேர்வில் பேச்சையும் எழுத்தையும் தனித்தனியாகவும் எழுதலாம். "இந்த வகுப்பு எந்தத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துகிறது, தேர்வுக் காசு யார் கட்டுவது?" என்று சேரும் நாளே கேளுங்கள். அந்தத் தம்பி பத்திரமாக வைத்திருந்த தாளும் முதல் வகைதான்.

ஏழாம் படி: ஆறு கிழமையில் உங்களையே சோதியுங்கள்

முதல் நாள் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் டொச்சில் கதைத்துப் பதிவுசெய்யுங்கள். தெரிந்த நான்கு சொல்லானாலும் பரவாயில்லை. ஆறு கிழமை கழித்து அதே விடயத்தைத் திரும்பப் பதிந்து இரண்டையும் கேளுங்கள். உங்கள் காதே தீர்ப்புச் சொல்லும்.

அதோடு வெளியில் செய்த வேலைகளை ஒரு கொப்பியில் குறியுங்கள். வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேனா? பிள்ளைக்கு வருத்தம், இன்று வரமாட்டார் என்று ஆசிரியைக்குச் சொன்னேனா? சனிக்கிழமை வேலைக்கு வர முடியாது என்று மேலாளரிடம் சொன்னேனா? கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் எனக்கு ஒதுக்கிய நாளை இன்னொருவர் எடுத்துவிட்டால் அவரோடு கதைத்தேனா? சுவிஸில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கடைசி உரையாடல் எவ்வளவு பெரிய பரீட்சை என்று தெரியும். ஆறு கிழமையில் புதிதாக ஒன்றுகூட இல்லையென்றால், வீட்டில் எவ்வளவு படிக்கிறேன் என்று முதலில் நேர்மையாகப் பாருங்கள். அது சரியென்றால் வகுப்பில்தான் கோளாறு.

எட்டாம் படி: சொல்லுங்கள், மாற்றுங்கள்

முதலில் ஆசிரியரிடமே, பாடம் முடிந்த பிறகு, தனியாக. "எனக்கு இன்னும் கூடக் கதைக்க வேண்டும்" என்ற ஒரு வசனம் போதும். பல ஆசிரியர்கள் அதைச் சந்தோசமாக எடுப்பார்கள், மாணவர் அமைதியாக இருப்பதை விளங்கிவிட்டது என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டுவது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு கிழமையில் மாற்றம் இல்லையென்றால் பாடசாலைப் பொறுப்பாளரிடமும், அதன்பிறகு உங்கள் கோப்பைப் பார்ப்பவரிடமும் போங்கள். சும்மா "வகுப்புச் சரியில்லை" என்று சொன்னால் எடுபடாது. கொப்பியையும் அந்த இரண்டு பதிவுகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இடையில் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். சொல்லாமல் நின்றால் வராதவர் என்று பதிவாகும், சோசியல் காசிலும் (அரசின் உதவிப் பணத்திலும்) கைவைக்கலாம். மாற்றும்வரை போய்க்கொண்டே இருங்கள்.

வேறு வகுப்பில் இடமில்லை என்று பதில் வரலாம். அப்படியென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடச் சொல்லுங்கள். எத்தனையாவது ஆள், எந்த மாதத்தில் இடம் வரும் என்று கேட்டு, சொன்னவரின் பெயரையும் அன்றைய திகதியையும் அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளோடு திரும்பப் போங்கள்.